பிளைவுட் கப்பலில் சிக்கிய கை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சிங்காநல்லூரில் என் வீட்டு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. நான் முப்பத்தைந்து வருடம் குப்பை கொட்டிய பம்பு கம்பெனியின் டிசைன் பிரிவிலிருந்து இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவர் பிரவீன், இன்னொருவர் கீர்த்தனா. ஒருவர் கையில் ஸ்வீட் பாக்ஸ், இன்னொருவர் கையில் லேப்டாப். கடற்படைக்குப் புதிதாகக் கட்டப்போகும் ரோந்துக் கப்பல்களுக்குப் பம்பு கேட்டு என்கொயரி வந்திருக்கிறதாம். என்ன வகை, என்ன உலோகம், கப்பலில் எந்த இடம் என்றெல்லாம் முடிவு செய்ய வேண்டுமாம்.

"நம்ம கம்பெனியில மொதமொதல்ல கப்பல் பம்பு பண்ணுனது நீங்கதானுங்களாமா" என்றார் பிரவீன்.

நான் பனியனுக்கு மேலே சட்டையை மாட்டிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் வருகிற கேள்விகள் எல்லாம் மாத்திரை சாப்பிட்டாயிற்றா, கேஸ் சிலிண்டர் சொல்லியாயிற்றா என்ற அளவில்தான் இருந்தன. கப்பலைப் பற்றிக் கேட்டால் விடுவேனா? காபி வந்தது. கடல், காற்று, கடற்படை என்று ஒரு கால் மணி நேரம் பிளந்து கட்டினேன்.

கீர்த்தனா பொறுமையாகக் கேட்டுவிட்டு லேப்டாப்பைத் திறந்தார். "ஐயா, நம்ம செக்லிஸ்ட்டுல கடைசியா 'நாச்சிமுத்து டெஸ்ட்'டுன்னு ஒண்ணு இருக்குதுங்க. என்ன பண்ணோணும்னு தெரியுமுங்க. பேரு எப்படி வந்துதுன்னுதான் ஆருக்கும் தெரியலைங்க. நீங்க கண்டுபுடிச்சதுங்களா?"

காபி டம்ளரைக் கீழே வைத்தேன். ஒரு பொருளுக்குக் கண்டுபிடித்தவன் பெயரை வைப்பதும் உண்டு, பள்ளத்துக்கு அதில் விழுந்தவன் பெயரை வைப்பதும் உண்டு. என்னுடையது இரண்டாவது வகை. அன்றைக்கு ஏதோ பாதி சொல்லி மழுப்பி அனுப்பிவிட்டேன். மீதியைக் கம்பெனி ஆண்டு மலருக்கு எழுதித் தரச் சொல்லி இப்போது தினமும் போன் வருகிறது. ஆகவே எழுதுகிறேன்.

நான் டிப்ளமா முடித்தவன். சேர்ந்த முதல் பன்னிரண்டு வருடம் சர்வீஸ் இன்ஜினியர். காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் என்று தோட்டம் தோட்டமாகப் போய், கிணற்றடியில் ஓடாத பம்பை ஓட வைப்பது வேலை. கடலை அதுவரை ஒரே ஒரு முறைதான் பார்த்திருந்தேன், அதுவும் திருச்செந்தூரில் மொட்டை போட்ட பிறகு. முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்று, அலை வந்ததும் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத மனிதரைக் கட்டிப்பிடித்துக் கொண்டவன் நான். என்னைத்தான் கம்பெனி கப்பல் பம்பு டிசைனுக்குப் போட்டது.

வெள்ளகோவில் டீலர் கடையில் நான் கற்றுக்கொண்ட ஒரு பாடத்தை இங்கே சொல்ல வேண்டும். பம்பு வாங்க வருகிற விவசாயி, அது எத்தனை லிட்டர் தள்ளும் என்று கேட்க மாட்டார். மேலே இருக்கும் கொக்கியைப் பிடித்து ஒரு தூக்கு தூக்கிப் பார்ப்பார். சுலபமாக எழுந்து வந்துவிட்டால் பம்பு தோற்றது. "இது என்னங்க, தகர டப்பாவாட்ட இருக்குது" என்று கீழே வைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார். முதுகு பிடித்துக்கொண்டால்தான் அது நல்ல பம்பு. இதனால் எங்கள் கம்பெனியில் ஒரு எழுதாத வழக்கம் உண்டு. வார்ப்புக்கு மரத்தில் அச்சு செய்பவர் கோட்டைமேட்டு சுலைமான் பாய். டிராயிங்கில் போட்ட கனத்துக்கு மேலே ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், தன் கைக்காசு மாதிரி சேர்த்துத்தான் செய்வார். "விவசாயி தூக்கிப் பார்ப்பாருல்ல தம்பி" என்பார். அதை யாரும் தட்டிக் கேட்டதில்லை. நானும் அதைப் பெருமையாகத்தான் நினைத்திருந்தேன்.

எங்கள் டிசைன் பிரிவின் தலைமை வசந்தாமணி மேடம். என்னைவிட ஆறு வயது சின்னவர், படிப்பில் என்னைவிட ஆறு படி பெரியவர். கஞ்சி போட்ட பருத்திச் சேலை, கழுத்தில் தொங்கும் கண்ணாடி, கையில் எப்போதும் ஒரு ஸ்டீல் ஸ்கேல். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. மரியாதை கூடக் கூடத்தான் ஆபத்து. சாதாரண நாளில் "டிராயிங் முடிஞ்சுதுங்களா" என்பார். "ஏனுங்க நாச்சிமுத்துங்க, கொஞ்சம் வர முடியுமுங்களா" என்று இரண்டு மூன்று 'ங்க' சேர்ந்து வந்தால், நான் போகிற வழியிலேயே என்ன தப்பு செய்தோம் என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவேன்.

அவரிடம் ஒரு பழக்கம். யார் எதைச் சொன்னாலும் வாதாட மாட்டார். "செரிங்க, செஞ்சு காட்டுங்க" என்பார். இந்த இடத்தில் ஸ்பேனர் சுலபமாகச் சுற்றும் என்று ஒருமுறை டிராயிங்கைக் காட்டிச் சொன்னேன். மேஜை டிராயரிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்து என் கையில் கொடுத்து, ஷாப்புக்கு அழைத்துப்போய், பக்கத்தில் நின்றார். சுற்றவில்லை. அவர் ஸ்பேனரை வாங்கிக்கொண்டு திரும்பி நடந்தார். அதற்கு அவர் இரண்டு அறை விட்டிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

இனி கப்பலுக்கு வருகிறேன். ரோந்துக் கப்பலின் அடிவயிற்றில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கும். எண்ணெய், துரு, அழுக்கு எல்லாம் கலந்த தண்ணீர். அதை வெளியே தள்ள ஒரு பம்பு வேண்டும். கப்பலில் ஓட்டை விழுந்தால் உயிரைக் காப்பாற்றப் போவதும் அதே பம்புதான். தீப்பிடித்தால் கடல் தண்ணீரை இழுத்துக் கொடுப்பதும் அதுவே. இத்தனை வேலை செய்யும் பம்புக்கு அவர்கள் ஒதுக்கிய இடம், எங்கள் வீட்டு பூஜை அறையைவிடச் சின்னது.

முதல் கூட்டத்துக்குக் கடற்படையிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். வடக்கத்திக்காரர், சிரித்த முகம். அவருடன் என்ஜின் அறையில் வேலை பார்க்கும் மாலுமி ஒருவரும் வந்திருந்தார். பெயர் சேவியர். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், பனைமரம் மாதிரி உயரம், ஒவ்வொரு கையும் நம் இரண்டு கை. நான் வரைந்த முதல் டிராயிங்கை மேஜையில் விரித்தேன். உப்புத் தண்ணீருக்குத் தாங்கும் கன்மெட்டல் உடம்பு, துருப்பிடிக்காத ஷாஃப்ட், இடத்தை மிச்சம் பிடிக்க நிமிர்ந்து நிற்கும் அமைப்பு எல்லாம் சரியாகத்தான் போட்டிருந்தேன். அதிகாரி பம்பின் தலையில் இருந்த ஒரு கூம்பைத் தொட்டு இது என்ன என்று கேட்டார்.

தோட்டத்துப் பம்பை ஓட்டுவதற்கு முன்னால் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி நிரப்ப வேண்டும். அதற்கான புனல் அது. பழைய டிராயிங்கிலிருந்து எடுத்து வரைந்தபோது அதுவும் கூடவே கப்பலேறிவிட்டது.

சேவியர் குனிந்து பார்த்தார். "கப்பல் முங்கையில யாரு சார் குடத்தத் தூக்கிட்டு வந்து ஊத்துறது?" என்று தமிழில் கேட்டார். அதிகாரிக்கு அதை மொழிபெயர்க்கத் தேவையே இருக்கவில்லை. மேடம் ஸ்கேலால் அந்தப் புனலை மெதுவாகத் தட்டி, "நாச்சிமுத்துங்க, இதை எடுத்துப் போடலாமுங்களா" என்றார். தானே தண்ணீரை இழுத்து நிரப்பிக்கொள்ளும் சாதனம் ஒன்றைப் பிறகு சேர்த்தோம்.

அடுத்தது எடை. முதல் மாதிரி பம்பைத் தராசில் ஏற்றியபோது, அவர்கள் கொடுத்த வரம்பைத் தாண்டி முப்பது கிலோவுக்கு மேல் போய்விட்டது. நான் வாயெல்லாம் பல்லாக நின்றேன். வெள்ளகோவிலில் இப்படி ஒரு பம்பு வந்தால் மாலை போட்டுக் கூட்டிப் போயிருப்பார்கள். அதிகாரி முகத்தில் சிரிப்பைக் காணோம். கப்பலில் ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்கு உண்டு. பம்பு கனத்தால் டீசல் குறையும், இல்லையென்றால் வேகம் குறையும், இல்லையென்றால் உயிர் காக்கும் படகில் ஒன்று குறையும் என்று பொறுமையாக விளக்கினார். எல்லாச் சாமானும் ஒரே வீட்டுப் பங்காளிகள் மாதிரி இடத்துக்கும் எடைக்கும் மல்லுக்கட்டிக்கொண்டு நிற்கின்றன. எது சிறந்தது என்று தேடிக்கொண்டிருந்த எனக்கு, எது மற்றவற்றோடு ஒத்துப்போகும் என்று தேட வேண்டும் என்பது புரியவே ஒரு மாதம் ஆயிற்று.

அந்த ஒரு மாதத்தில்தான் என் மூளை வேலை செய்தது. செய்யாமல் இருந்திருக்கலாம்.

பம்புக்குத் தண்ணீர் வருகிற வழியில் ஒரு வடிகட்டிப் பெட்டி உண்டு. கந்தல், மரத்தூள் எல்லாம் அதில் தங்கும். அடைத்துக்கொண்டால், ஆறு நட்டைக் கழற்றி, மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் சல்லடைக் கூடையை எடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும். மூடி நடைபாதைப் பக்கம் பார்த்து இருந்தது. அதைச் சுற்றித் திருப்பி, கப்பலின் பக்கச் சுவரைப் பார்த்து வைத்தால் ஒரு வளைவுக் குழாயே தேவைப்படாது. பதினோரு கிலோ மிச்சம், ஒரு சாண் இடமும் மிச்சம். நான்தான் கண்டுபிடித்தேன். ஆயுத பூஜை அன்று கம்பெனியில் என்னை மேடைக்குக் கூப்பிட்டு ஒரு ஷீல்டு கொடுத்தார்கள். அதை மூன்று நாள் மேஜையில் வைத்து, போகிறவர் வருகிறவர் கண்ணில் படும்படி இடம் மாற்றிக்கொண்டே இருந்தேன்.

மேடம் டிராயிங்கை வெகு நேரம் பார்த்தார். "நல்லா இருக்குதுங்க. கப்பல்காரங்க முன்னாடி செஞ்சு காட்டீரலாமுங்களா" என்றார்.

அதற்கு ஒரு முறை இருந்தது. கப்பலில் பம்பு நிற்கப்போகும் அறையை, கப்பல் கட்டும் தளத்தின் டிராயிங்படி அதே அளவில் பிளைவுட்டில் செய்ய வேண்டும். உள்ளே உண்மையான பம்பையும் பெட்டியையும் பொருத்த வேண்டும். ஒரே ஆள், ஒரே ஸ்பேனர். திறந்து, கூடையை எடுத்து, திரும்ப மாட்டி, மூட வேண்டும். பத்து நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. அதிகாரி கையில் கடிகாரத்தோடு நிற்பார்.

சுலைமான் பாய் பிளைவுட்டில் அறையைக் கட்டி முடித்த அன்று உள்ளே போய்ப் பார்த்தேன். நான் டிராயிங்கில் சுவரை நேராக வரைந்திருந்தேன். எங்கள் ஊரில் மோட்டார் ரூம் சுவர் நேராகத்தான் இருக்கும். கப்பலின் பக்கச் சுவர் கீழே போகப் போக உள்நோக்கிச் சரிந்து வரும். தளம் அனுப்பிய டிராயிங்கில் அது தெளிவாகவே இருந்தது. நான் மேலிருந்து பார்க்கும் படத்தை மட்டும் பார்த்துவிட்டு வேலையை முடித்திருந்தேன். மேல் நட்டு நான்கையும் கழற்ற இடம் இருந்தது. கீழ் நட்டு இரண்டுக்கும் சுவருக்கும் நடுவே கை போகும், ஸ்பேனர் சுற்றாது.

மறுநாள்தான் செஞ்சு காட்டும் நாள். ஷீல்டு மேஜையில் இருந்தது. இது கம்பெனிக்கு முதல் கடற்படை ஆர்டர். மேடம் தன் பெயரைப் பணயம் வைத்து, முதலாளியிடம் சம்மதம் வாங்கி எடுத்தது.

எங்கள் ஷாப்பில் இன்னொரு எழுதாத வழக்கமும் இருந்தது. பரிசோதகர் வருகிறார் என்றால், கழற்றிக் காட்ட வேண்டிய நட்டை எல்லாம் முதல் நாளே லேசாக்கி, எண்ணெய் விட்டு, விரலால் திருகினாலே வருகிற 'கை டைட்'டில் வைத்துவிடுவோம். வருகிறவர் முன்னால் மானம் போகக் கூடாது என்பதற்காக. அதை யாரும் தப்பு என்றே நினைத்ததில்லை, கல்யாண வீட்டில் சுவருக்கு வெள்ளை அடிப்பது மாதிரி. நான் அந்த இரண்டு நட்டையும் கை டைட்டில் வைத்தேன்.

ஆறரை நிமிடத்தில் முடித்தேன். மேல் நட்டு நான்கையும் ஸ்பேனரால் நன்றாகத் தம் பிடித்துக் கழற்றினேன். கீழ் நட்டு இரண்டுக்கும் ஸ்பேனரை வைப்பதுபோல வைத்து, முதுகால் மறைத்துக்கொண்டு, இரண்டு விரலால் சுற்றி எடுத்தேன். முக்கல் முனகலும் சேர்த்துக்கொண்டேன். அதிகாரி கை குலுக்கினார். மேடம் முகத்தில் அத்தனை சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எல்லோரும் டீ குடிக்கப் போனோம். சேவியர் மட்டும் சற்றுப் பிந்தி வந்தார்.

டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். "சார், அங்கன தண்ணி இடுப்பு மட்டும் நிக்கும். லைட்டு போயிரும். கப்பல் ஆடும். அப்பவும் இதே மாதிரிதான் தொறக்கணும், என்ன?"

"ஆமாங்க" என்றேன்.

"அந்த எடத்துல நாந்தான் சார் நிப்பேன்" என்றார். டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அது வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை எங்களுக்கு அரை நாள் வேலை. மதியம் எல்லோரும் கிளம்பியதும் நான் சுலைமான் பாயிடம் போய், கீழ் நட்டு இரண்டையும் முறையாக எப்படி இறுக்க வேண்டுமோ அப்படி இறுக்கச் சொன்னேன். பெட்டியைச் சுவரிலிருந்து தள்ளி வைத்து இறுக்கி, திரும்பப் பழைய இடத்தில் பொருத்தினார். எதற்கு என்று கேட்கவில்லை. பிறகு லுஹர் தொழுகைக்குக் கிளம்பினார். நான் உள்ளே நுழைந்து, கதவுக்குச் சாக்கைத் தொங்கவிட்டு இருட்டாக்கிக்கொண்டு, குட்டை ஸ்பேனர் ஒன்றுடன் வலது கையை இடுக்கில் விட்டேன்.

முழங்கை வரை போயிற்று. ஸ்பேனர் நட்டைக் கவ்வியது. அதைத் திருப்ப மணிக்கட்டை வளைத்தேன். முழங்கை சுவரின் சரிவுக்கும் பெட்டியின் விளிம்புக்கும் நடுவே போய் உட்கார்ந்துகொண்டது. இழுத்தேன், வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தேன், தோல்தான் வந்தது. அன்றைக்கு என் எடை எண்பத்தொன்பது கிலோ. ஒரு பக்கத் தோளை பம்புக்கும், வயிற்றைக் குழாய்க்கும் கொடுத்து, ஒற்றைக் காலில் குந்தியபடி இருந்தேன். பாய் என்று கத்தினேன், வாட்ச்மேன் என்று கத்தினேன். வாட்ச்மேன் கேட் பக்கம் ரேடியோவில் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அந்தப் பாட்டு நன்றாகக் கேட்டது, அவருக்கு என் சத்தம் கேட்கவில்லை.

முக்கால் மணி நேரம். முதல் கால் மணி நேரம் வலித்தது. அடுத்த கால் மணி நேரம், இந்தக் கோலத்தில் யாராவது பார்த்தால் என்ன ஆவது என்று கவலைப்பட்டேன். அதன் பிறகு என்னை அறியாமலே சேவியரின் கை நினைவுக்கு வந்தது. என் கையே இப்படி மாட்டினால் அவர் கை? காய்ந்த தரையில், ஆடாத பிளைவுட்டில் நான் அழுகிற நிலைக்கு வந்துவிட்டேன். அவர் இடுப்பளவு தண்ணீரில் நிற்பார். தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும். பயமாக இருந்தது, சொல்லவே வெட்கமாக இருக்கிறது, உண்மையாகவே பயமாக இருந்தது.

பாய் திரும்பி வந்தார். சாக்கை விலக்கிப் பார்த்தார். சோப்புத் தண்ணீர் ஊற்றினார், மெஷின் எண்ணெய் ஊற்றினார். கை அசையவில்லை. கடைசியில் ரம்பத்தை எடுத்து வெளிப் பக்கமிருந்து கப்பலின் சுவரை அறுத்தார். பலகை விலகியதும் கை தானாக வெளியே விழுந்தது. அதற்குள் புசுபுசுவென்று வீங்கிவிட்டது.

பாய் ரம்பத்தைத் துடைத்தபடி சொன்னார்: "இது மரம் தம்பி, அறுத்துப்போட்டேன். அங்க இரும்பாச்சே."

மேடம் சனிக்கிழமைகளில் தாமதமாகத்தான் கிளம்புவார். எண்ணெய் வழியும் சட்டையுடன் அவர் அறைக்குள் போய் நின்றேன். என் கையைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். "ஐயோ, என்னாச்சுங்க?" எல்லாவற்றையும் சொன்னேன். சரிவான சுவர், கை டைட், இரண்டு விரல், முனகல், ஒன்றையும் விடவில்லை.

அவர் மெல்ல உட்கார்ந்தார். ஸ்கேலை மேஜையில் வைத்தார்.

"ஏன் நாச்சிமுத்து?"

அத்தனை வருடத்தில் அவர் என்னை அப்படிக் கூப்பிட்டது அந்த ஒரு முறைதான். 'ங்க' இல்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்ததற்குக் கை வலியைக் காரணமாக வைத்துக்கொண்டேன்.

"நேத்து ஆபீசர் கெளம்பறப்ப, எங்க ஆளுங்க செஞ்சு காட்டுனா அது அப்படியே இருக்குமுங்கன்னு சொல்லி அனுப்புனேன்" என்றார். பிறகு போனை எடுத்து, அதிகாரியின் எண்ணைச் சுழற்றி, பேசுவார் என்று நான் நினைத்தபோது ரிசீவரை என்னிடம் நீட்டினார். "நீங்களே சொல்லுங்க."

என் இங்கிலீஷ் டிராயிங்கில் அளவு எழுதப் போதுமானது, பாவமன்னிப்புக்குப் போதாது. "சார், டூ நட் லூஸ். ஐ லூஸ். யெஸ்டர்டே டெஸ்ட் நோ டெஸ்ட்" என்றேன். நேற்று இது வேறு யாருக்குத் தெரிந்திருந்தது என்று அதிகாரி கேட்டார். எனக்கு மட்டும்தான் என்றேன். அறையை அப்படியே வையுங்கள், புதன்கிழமை வருகிறோம் என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஆர்டர் போய்விட்டது என்றே முடிவு செய்தேன். ஷீல்டை எடுத்து பீரோவில் துணிக்கு அடியில் வைத்தேன். மூன்று நாள் சோறு இறங்கவில்லை. புதன்கிழமை அவர்கள் வந்தார்கள். அறுத்த சுவரையும் கட்டுப் போட்ட என் கையையும் அதிகாரி மாறி மாறிப் பார்த்தார். திட்டவில்லை. அறுத்த பலகையைத் திரும்பப் பொருத்தச் சொல்லி, இந்த முறை என்னைத் தொடவே விடாமல் சேவியரை உள்ளே அனுப்பினார். ஸ்பேனரைப் பிடித்த அவர் கை மணிக்கட்டுக்கு மேல் போகவில்லை. சரி, இனி எப்படிச் செய்யலாம் என்று அதிகாரி கேட்டபோதுதான் ஆர்டர் இன்னும் உயிரோடு இருக்கிறது என்று எனக்கு உறைத்தது.

மூடியைத் திரும்ப நடைபாதைப் பக்கம் கொண்டுவந்தோம். ஆறு நட்டுக்குப் பதில், கையாலேயே திருகித் தள்ளிவிடக்கூடிய காது வைத்த நட்டு நான்கு போட்டோம், ஸ்பேனரே வேண்டாம். மிச்சம் பிடித்த பதினோரு கிலோ திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது. அதை எங்கே குறைப்பது? சுலைமான் பாய் தன் மர அச்சை எடுத்துக் கால் நடுவே வைத்து, வருடக்கணக்காகச் சேர்த்து வந்த அந்த ஒரு நூலை இழைப்புளியால் சீவித் தள்ளினார். "இனி ஒரு கையில தூக்கிப்போடலாம்" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார், துக்க வீட்டில் பேசுவது மாதிரி.

மேடம் செக்லிஸ்ட்டின் அடியில் புதிதாக ஒரு வரி சேர்த்தார். கழற்ற வேண்டிய எதையும் முறையாக இறுக்கிய பிறகு, ஆபீசிலேயே பருமனான கை உள்ளவர், கண்ணைக் கட்டிக்கொண்டு கழற்ற வேண்டும். டைப் அடித்தவர் அதற்கு என் பெயரை வைத்துவிட்டார். மேடம் அதை அடித்து நீக்கவில்லை. நான் ஓய்வு பெறும்வரை அந்தப் பருமனான கையும் என்னுடையதாகவே இருந்தது.

ஒன்றரை வருடம் கழித்து, கப்பல் முதன்முதலாகக் கடலில் ஓடிப் பார்க்கும் நாளில் கம்பெனி சார்பாக நான் போனேன். துறைமுகத்தைத் தாண்டிய இருபதாவது நிமிடம் வயிறு புரள ஆரம்பித்தது. வால்பாறை மலைப்பாதையில் பஸ் வளையும்போது ஜன்னலோரம் கேட்பவன் நான். இங்கே எல்லாத் திசையிலும் வளைவு. பம்பு அறை வாசலில் ஒரு வாளியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

அடித்தளத்தில் தண்ணீரை விட்டு, பம்பை ஓட விட்டார்கள். ஐந்து நிமிடம் நன்றாக இழுத்தது. பிறகு சத்தம் மாறியது. சோதனைக்காக யாரும் அடைக்கவில்லை, நிஜமாகவே அடைத்துக்கொண்டது. தண்ணீர் தரைத் தகடுக்கு மேலே ஏறி என் செருப்பை நனைத்தது. யாரோ ஓடும் சத்தம் கேட்டது. சேவியர் என்னைத் தாண்டிக் காலை வைத்து உள்ளே இறங்கினார். அவர் உடம்பு விளக்கை மறைத்ததால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. காது நட்டு நான்கும் கழன்று விலகித் தட்டும் சத்தம் மட்டும் வரிசையாகக் கேட்டது. கை நிறையக் கழிவுப் பஞ்சை வெளியே எறிந்தார், கட்டும்போது யாரோ கை துடைத்துப் போட்டது. மூடினார். பம்பு ஒரு இருமல் இருமிவிட்டுத் தண்ணீரைக் கவ்வியது. மூன்று நிமிடம்கூட ஆகியிருக்காது.

கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சார், ஒண்ணு சொல்லட்டா? அன்னைக்கு ஒங்க கம்பெனில கீழ் நட்டு ரெண்டும் லூசா இருந்துச்சுல்லா. எனக்கு அன்னைக்கே தெரியும்."

நான் வாளியிலிருந்து தலையைத் தூக்கினேன்.

"எல்லாரும் டீக்குப் போனப்பம் நான் வெறுங்கைய விட்டுப் பாத்தேன். நட்டு வெரல்லயே சுத்துது."

"பின்ன ஏனுங்க அப்பவே சொல்லலை?"

"எழுதிட்டேன் சார். ஆபீசர் ரிப்போர்ட்டோட என் குறிப்பும் போவணும். இந்தக் கம்பெனி சாமான் ஒண்ணுகூடக் கப்பலுக்கு வேண்டாம்னு எழுதிப் பையில வச்சிருந்தேன். திங்கக்கெழம குடுக்கணும். சனிக்கெழமயே நீங்க போன் பண்ணிச் சொல்லிட்டிய." சிரித்தார். "கிழிச்சிப் போட்டுட்டேன். தப்புன்னா தானே சொல்ற ஆளு, இவரு பம்ப நம்பி எறங்கலாம்னு தோணுச்சு."

கம்பெனியின் பெயரும் மேடத்தின் பெயரும் ஒரு நாள் முழுக்க இவர் சட்டைப் பையில் இருந்திருக்கின்றன. அதைவிட மோசமானது இன்னொன்று. நான் அந்தச் சனிக்கிழமை உண்மையைத் தேடி அங்கே போகவில்லை. சேவியர் வீணாகப் பயப்படுகிறார், கீழ் நட்டைக் கழற்ற முடியும் என்று எனக்கு நானே காட்டிக்கொள்ளப் போனேன். கை வெளியே வந்திருந்தால் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பேனோ என்னவோ. வீங்கிய கையை எந்தச் சட்டைக்குள் மறைப்பது என்று தெரியாமல்தான் மேடத்தின் அறைக்குப் போனேனோ என்னவோ. இன்றுவரை எனக்குத் தெரியாது.

இதை அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். வாந்திதான் வந்தது. சேவியர் வாளியைச் சரியாகப் பிடித்து, இன்னொரு கையால் என் முதுகைத் தடவிக் கொடுத்தார். "ஒண்ணும் பேசாதீய சார், ஒண்ணும் பேசாதீய" என்றார்.

நானும் பேசாமலே கரை இறங்கிவிட்டேன்.